இல்லாத கையின் கட்டைவிரல்

இந்த இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொள்ள உங்களுக்குப் பத்து நாள் போதும். காயில் என்கிற கம்பிச்சுருளைத் தலையில் எங்கே வைப்பது, எந்தக் கோணத்தில் பிடிப்பது, திரையில் எந்த எண்ணை மாற்றுவது எல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதைச் சொல்ல நான் தேவையில்லை. பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று டாக்டர் கேட்டபோது, நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் எழுத முடியும் என்றேன். "அதுக்குத்தான்க்கா கேக்கறேன்" என்றார்.

நான் வேலூரில் இதே தனியார் மருத்துவமனையில் இருபத்தெட்டு வருடம் இ.இ.ஜி. டெக்னீசியனாக இருந்தவள். தலையில் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்து மருத்துவரிடம் கொடுப்பது வேலை. எனக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் காந்தத் தூண்டல் இயந்திரம் வந்தது. அதுவரை மூளையில் நடப்பதைக் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அதில் ஒன்றை நடக்க வைக்கும் வேலைக்கு மாறினேன். இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்கு உடனே புரியவில்லை.

இயந்திரத்தோடு வந்தவர் டாக்டர். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். உங்களுக்கு அவரைத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் டாக்டர் என்றே எழுதுகிறேன். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண். வெளியூரில் பெரிய படிப்பெல்லாம் முடித்துவிட்டு வந்தும் நோயாளியிடம் "இன்னா பண்ணுது?" என்றுதான் கேட்பார். நான் அவரிடம் கற்றுக்கொண்டது என் முதல் இருபத்தெட்டு வருடத்தில் கற்றதைவிட ஜாஸ்தி.

தொடக்கத்தில் எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் இதைக் காந்த வைத்தியம் என்று நினைத்துத்தான் வந்தார்கள். பள்ளிகொண்டாவிலிருந்து வந்த ஒருவர் இரண்டு மணிக்கட்டிலும் காந்த வளையல் போட்டிருந்தார். இடுப்பில் ஒரு காந்தப் பட்டை வேறு. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னபோது, "உங்க காந்தத்துக்கும் எங்க காந்தத்துக்கும் ஒத்துக்காதா?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்காமல் உட்கார்ந்து விளக்கினார். தலைமேல் வைக்கும் காயிலில் மின்சாரம் ஒரு கணம் பாயும். அதனால் எழும் காந்தப்புலம் மண்டை ஓட்டைத் தாண்டிப் போய் மூளையின் ஒரு சிறிய இடத்தை மட்டும் தூண்டும். கத்தி வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம். ஆனால் எல்லா நோய்க்கும் இது மருந்தில்லை. கடைசி வரியை ஒவ்வொருவரிடமும் சொல்வார். உங்களையும் சொல்லச் சொல்வார். சொல்லுங்கள்.

சம்பத் வந்தது அறை திறந்த முதல் வருடத்தில்.

நாற்பத்திரண்டு வயது. ஆம்பூரை ஒட்டிய ஒரு தோல் தொழிற்சாலையில், ஈரத்தோலின் உள்பக்கத்துச் சவ்வைச் சீவி எடுக்கும் மிஷினில் இருபது வருடம் நின்றவர். ஒரு நாள் தோல் மடிந்து உருளைக்குள் இழுத்தது. அதைப் பிடித்திருந்த வலது கையும் கூடவே போனது. முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடை நீளம்தான் மிச்சம். காயம் நன்றாக ஆறியிருந்தது. அறுவை செய்தவர் சுத்தமாகச் செய்திருந்தார்.

ஆனால் இல்லாத அந்தக் கை வலித்தது. உருளை இழுத்த கணத்தில் எப்படி இறுகியதோ அப்படியே முஷ்டியாக மூடிக்கொண்டு, கட்டைவிரல் உள்ளே மடங்கி, நகங்கள் உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருந்தன. பதினான்கு மாதமாகத் திறக்கவில்லை. இப்படிப்பட்ட வலி பலருக்கு வருவதுண்டு. கை போன பிறகும் கைக்கான இடம் மூளையில் இருக்கிறது. அதைத் தூண்டினால் சிலருக்கு வலி குறையும். அதற்காகத்தான் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாள் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கூட வந்த மனைவி கலா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்பவர். பாதி நாள் பர்மிஷன் வாங்கிக்கொண்டு, கம்பெனியின் நீலக் கோட்டைக் கழற்றாமலே பஸ் ஏறி வந்திருந்தார்.

"வீட்ல யாருக்கும் தெரியுமா வலிக்குதுன்னு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆரம்பத்துல சொன்னேன் மேடம். இல்லாத கைல எப்டிடா வலிக்கும்னு எங்கண்ணன் சிரிச்சான். கம்பெனில நஷ்டஈடுக்கு நடிக்கிறான்னாங்க. அப்புறம் சொல்றத நிறுத்திட்டேன்."

கலா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு முன் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பலத்தில் தூண்டலாம் என்று அளவெடுக்கிறோம் அல்லவா? தலையில் கைக்கான இடத்தைத் தேடி ஒரு தட்டுத் தட்டினால், எதிர்ப்பக்கத்துக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். அந்தத் துள்ளல்தான் நமக்கு வழிகாட்டி. சம்பத்துக்கு இடது கையில் அது உடனே கிடைத்தது. எவ்வளவு பலம் என்பதை அதை வைத்தே டாக்டர் முடிவு செய்துவிட்டார். ஆனால் தூண்ட வேண்டியது மறுபக்கத்தை. அங்கே சரியான இடம் இதுதான் என்று துள்ளிக் காட்ட விரல் இல்லை.

காயிலைப் பிடித்தபடி நான் அப்படியே நின்றேன். "எதப் பாத்து எடம் புடிக்கறது டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவரையே கேப்போம்" என்றார்.

ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, சம்பத்தின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "சம்பத், தலைல ஒவ்வொரு எடமா தட்டப் போறோம். கைல எங்கனா ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க."

"எந்தக் கைல மேடம்?"

"வலிக்கிற கைல."

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கி டாக்டரைப் பார்த்தார்.

ஒரு தட்டு. இல்லை என்று தலையாட்டினார். ஒரு விரற்கடை தள்ளி இன்னொன்று. இல்லை. கொஞ்சம் முன்னால். இல்லை. ஏழாவதோ எட்டாவதோ தட்டில் அவருடைய தோள் லேசாக அசைந்தது.

"கட்டவெரலு" என்றார்.

"இன்னா ஆச்சு கட்டைவிரலுக்கு?"

"வெளிய வந்துச்சு. உள்ள மடங்கி இருக்குதில்ல, அது வெளிய வந்துட்டு மறுபடி உள்ள போய்ட்டுது."

டாக்டர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். சம்பத்துக்குத் தெரியாமல் என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் காயிலைத் தலையிலிருந்து சற்று விலக்கி, சத்தம் மட்டும் வரும்படி தட்டினேன். "இல்ல" என்றார் சம்பத். மறுபடி அதே இடத்தில் தட்டினேன். "வந்துச்சு." திரும்பவும் விலக்கினேன். "இல்ல." மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தும் ஒருமுறைகூட அவர் சொன்னது தவறவில்லை. டாக்டர் ஒரு பேனாவால் குறி வைப்பதற்காக அவருக்கு மாட்டியிருந்த துணித்தொப்பியில் அந்த இடத்தைக் குறித்தார். பிறகு கலாவைப் பார்த்துத் திரும்பினார்.

"அந்த விரலுக்கான எடம் இவர் மூளைல அப்டியே இருக்குதும்மா. வேலையும் செய்யுது. இவர் சொல்ற வலி நெஜம்."

கலா கணவரிடம் இல்லாமல் டாக்டரிடம் சொன்னார். "நானும் நம்பலதான் டாக்டரம்மா. கை போன துக்கத்துல சொல்றாருன்னு நெனச்சேன்."

"பரவால்ல கலா" என்றார் சம்பத்.

எத்தனையோ பேர் பதினான்கு மாதமாக அந்த மனிதரைச் சோதித்திருந்தார்கள். அந்தக் கையிடம் அவர் வழியாகக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நானாக இருந்திருந்தால் கையேட்டில் வேறு வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்திருப்பேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் கணவரிடம் இதையேதான் மூன்று முறை சொன்னேன்.

வாரத்தில் ஐந்து நாள் சிகிச்சை. முதல் மூன்று நாளில் ஒரு மாற்றமும் இல்லை. நான்காம் நாள், நடுவிரலும் மோதிர விரலும் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை சிகிச்சை முடிந்து நாற்காலியிலிருந்து எழாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இன்னா என்று கேட்டேன். "தெறந்து கீதுக்கா. பாதி தெறந்து கீது" என்றார். சிரித்தார். அவர் சிரிக்கும்போது முகம் இப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

பிறகு சனி, ஞாயிறு விடுமுறை.

ஒவ்வொரு நாளும் இயந்திரத்தைத் தொடும் முன் நாம் கேட்கிற கேள்விகள் உண்டு. நன்றாகத் தூங்கினீர்களா? புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா? எதற்காக என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். தூக்கம் கெட்ட மூளையும், சில வகை மாத்திரைகள் உள்ளே போன மூளையும் வலிப்பின் விளிம்புக்குச் சீக்கிரம் வந்துவிடும். அங்கே நாம் தூண்டினால் விளிம்பைத் தாண்டிவிடலாம். அபூர்வமாக நடப்பதுதான். அபூர்வம் என்ற சொல்லில் எனக்கு அப்போது நிறைய நம்பிக்கை இருந்தது.

திங்கட்கிழமை காலையில் வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். பக்கவாதம் வந்த ஒருவரைப் பார்க்க டாக்டர் அவசரப் பிரிவுக்குப் போயிருந்தார். கலா மதியத்துக்குள் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். சம்பத் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. இடது கையாலேயே சட்டைப் பொத்தான் போடப் பழகியிருந்தவர், ஒருநாளும் தவறாது. அன்று ஒரு பொத்தான் மாறிப் போயிருந்தது.

"தூங்கினீங்களா?"

"தூங்கினேன்க்கா."

"புதுசா மாத்திரை எதுனா?"

"இல்ல."

படிவத்தில் இரண்டு டிக் அடித்தேன். அடிக்கும்போதே எனக்குத் தெரியும், இந்த மனிதர் தூங்கவில்லை. தெரிந்துதான் அடித்தேன். வெளியே எட்டுப் பேர் இருந்தார்கள், அவர் வாயாலேயே தூங்கினேன் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் என்ன செய்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தூண்டல் ஆரம்பித்து ஐந்து நிமிடம் இருக்கும். இயந்திரம் சில விநாடி தட்டும், நிறுத்தி ஓய்வெடுக்கும், மறுபடி தட்டும். தட்டும்போது அவருடைய முழங்கைக்குக் கீழே மிச்சமிருந்த பகுதி லேசாகத் துடிக்கும். நின்றால் இதுவும் நிற்கும். அந்த முறை இயந்திரம் நின்றது. கை நிற்கவில்லை.

ஒரு கணம் அதைப் பார்த்தேன். உடனே காயிலை எடுத்துவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் நிறுத்தினேன். அதற்குள் துடிப்பு தோளுக்கு ஏறி, வலது கன்னம் இழுத்து, உடம்பு முழுவதும் விறைத்துவிட்டது. பிறகு உதறத் தொடங்கியது.

அதன் பிறகு செய்ததையெல்லாம் இ.இ.ஜி. அறையில் பழகியிருந்தேன். நாற்காலியைச் சாய்த்து அவரை இடப்பக்கமாகத் திருப்பினேன். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினேன். வாயில் எதையும் வைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொன்னேன், நர்ஸ் குறித்துக்கொள்ள. டாக்டருக்கு ஆள் ஓடியது.

சத்தம் கேட்டுக் கலா உள்ளே வந்துவிட்டார். "இன்னா ஆச்சு, இன்னா பண்ணீங்க அவர?" என்று கேட்டார். காத்திருந்தவர்களில் யாரோ ஒரு சாவிக்கொத்தைக் கலாவின் கையில் திணித்திருந்தார்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பார்களே, அதற்காக. அவர் குனிந்து சம்பத்தின் வலது கையைத் தேடினார். அங்கே கை இல்லை. சாவியோடு அப்படியே நின்றுவிட்டார். நான் ஒரு கையால் சம்பத்தைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "நின்னுடும். நான் பாத்திருக்கேன். நின்னுடும்" என்றேன்.

ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. டாக்டர் ஓடி வந்தபோது அவர் குறட்டை விடுவதுபோல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, நாடியைப் பிடித்தபடி, "சம்பத், சம்பத்" என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்து, "கலா எங்க?" என்று கேட்டபோதுதான் எழுந்தார்.

என் கையில் படிவம் இருந்தது. நான் சொன்ன முதல் வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. "தூங்கினேன்னு சொன்னாரு டாக்டர். டிக் பண்ணியிருக்கேன்."

அவர் படிவத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "சரிக்கா. நீங்க இன்னா பாத்தீங்க?"

குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"கண்ணு செவந்திருந்துச்சு. பொத்தான் மாத்திப் போட்டிருந்தாரு. தூங்கலன்னு எனக்குத் தெரிஞ்சுது."

"அதையும் எழுதுங்க" என்றார்.

எழுதினேன். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

மதியம் சம்பத் நன்றாகத் தெளிந்த பிறகு விஷயம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை பாதி திறந்த கை, ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னைவிட இறுக்கமாக மூடிக்கொண்டது. திறந்த சுகத்தைப் பார்த்த பிறகு மூடியதைத் தாங்க முடியவில்லை. வலிக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் முன்பே வாங்கிப் பதுக்கி வைத்திருந்த மாத்திரையை எடுத்து ஒன்றுக்கு மூன்றாகப் போட்டிருக்கிறார். தூக்கமும் இல்லை. அந்த மாத்திரை நாம் பயப்பட வேண்டிய வகை மாத்திரை. அட்டை அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.

"ஏங்க சொல்லல?" என்று கலா கேட்டார்.

"சொன்னா ட்ரீட்மென்ட்ட நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டேன். மறுபடி தெறக்காமயே போய்டும்னு."

டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நீங்க பயந்தது தப்பில்ல" என்றார். "ஆனா இது எங்க தப்பு. உங்கள உக்கார வெச்சு சரியா பாத்திருக்க வேண்டியது நாங்க. பாக்காம விட்டுட்டோம். வந்தது வலிப்பு. அது மிஷினாலயும் மாத்திரையாலயும் தூக்கம் இல்லாததாலயும் சேந்து வந்தது. ஒரு நாள் இங்கயே படுத்திருங்க. இ.இ.ஜி. எடுத்துப் பாக்கறோம்."

நாங்கள் என்றுதான் சொன்னார். என்னைக் கைகாட்டவில்லை.

சாயங்காலம் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்தார். கெட்டவர் இல்லை. புது இயந்திரம், புதுப் பிரிவு, முதல் வருடம். பேர் கெட்டால் யாரும் வரமாட்டார்கள் என்ற கவலை அவருக்கு. மயக்கம் வந்தது என்று எழுதிவிடலாமே, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தணிந்த குரலில் கேட்டார்.

"மயக்கத்துல கை அப்டி ஆடாது சார்" என்றார் டாக்டர். "வலிப்புன்னுதான் எழுதுவேன். நாளைக்கு இந்த மாதிரி இன்னொருத்தர் வந்தா, அப்ப இங்க இருக்கறவங்க இதப் படிக்கணும். மயக்கம்னு எழுதினா இன்னாத்தக் கத்துக்குவாங்க?"

அறை மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. விசாரணைக் குழு கூடியது. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். என்னைத் திரும்ப இ.இ.ஜி.க்கே அனுப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கும் அதுதான் நிம்மதி என்று தோன்றியது. டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்று இந்தப் பிரிவில் தெரிந்த ஒரே ஆள் இவர்தான், இவரை அனுப்பிவிட்டுத் தெரியாத ஒருவரை வைத்து நான் நடத்த மாட்டேன் என்றார். அறையை விட்டு வெளியே வந்த பிறகு நன்றி சொல்லப் போனேன். "நன்றி வேணாம்க்கா. அந்தப் படிவத்த மாத்தி எழுதுங்க" என்றார்.

இன்று உங்கள் படிவத்தில் நோயாளி சொன்னது என்று ஒரு கட்டமும், நீங்கள் பார்த்தது என்று பக்கத்தில் ஒரு கட்டமும் இருக்கிறதே, இரண்டாவது கட்டம் எதற்கு என்று உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டதாகச் சொன்னார்கள். இதற்குத்தான்.

சம்பத் மறுபடி வரமாட்டார் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்தார். அதற்குள் அந்த மாத்திரையை டாக்டர் அடியோடு நிறுத்தி, வேறு மருந்துக்கு மாற்றியிருந்தார். வலிப்பு மறுபடி வரவில்லை. தூக்கம் பரவாயில்லை. வலி மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னொரு தபா வெச்சுப் பாக்கலாம் மேடம்" என்றார்.

டாக்டர் உடனே சரி என்று சொல்லவில்லை. "ஒரு தடவ வந்தது மறுபடியும் வரலாம். எனக்கு ரெண்டு நாள் குடுங்க" என்றார். தன்னைவிட மூத்த இரண்டு நரம்பியல் மருத்துவர்களிடம் பேசினார். பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டு, பலத்தைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, முதல் வாரம் முழுக்கத் தானே அறையில் நின்று செய்வதாகச் சொன்னார். எது எது நேரலாம் என்று கலாவை உட்கார வைத்து விளக்கினார். கலா நிறையக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிய பிறகுதான் சம்பத்தைக் கையெழுத்துப் போடவிட்டார்.

"மிஷின புதுசா வந்திருக்கிற தம்பி ஓட்டட்டும்" என்று நான் சொன்னேன். எனக்குத் தைரியம் இல்லை.

"வேணாம்" என்றார் சம்பத். "அக்காவே ஓட்டட்டும்."

"ஏன்?" என்று டாக்டர் கேட்டார்.

"அவங்க இனிமே என் மூஞ்சியப் பாக்காம சுவிட்சு போட மாட்டாங்க."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தவறு செய்தவளின் கையில் தன் தலையைத் திரும்பக் கொடுக்கிற மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

முதல் வாரம் நல்லபடியாகப் போனது. இரண்டாவது வாரம் புதன்கிழமை என்று நினைவு. அன்று டாக்டர் அறையில் இல்லை. சம்பத் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் தெளிவாகத்தான் இருந்தது. பார்த்து என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தூங்கினீங்களா?"

கொஞ்சம் தயங்கினார். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த கலாவைப் பார்த்தார். "இல்லக்கா. மூணு மணி நேரம்தான். பக்கத்து வீட்ல கல்யாணம். ஸ்பீக்கர் போட்டு பேஜார் பண்ணிட்டானுங்க."

அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

"இன்னைக்கு வேணாம்" என்றேன்.

அவர் வாக்குவாதம் பண்ணவில்லை. இயந்திரத்தை ஒருமுறை பார்த்தார். எழுந்தார். கலாவுக்கு அந்தப் பாதி நாள் வீண். அவரும் குறை சொல்லவில்லை. "போய்த் தூங்கட்டும்க்கா. நாளைக்கு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர்கள், ஐந்து நிமிடத்தில் திரும்பிப் போனார்கள். அன்று படிவத்தில் "சிகிச்சை தரப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் வேலையில் நான் எழுதிய வரிகளில் அதைத்தான் மனசார எழுதினேன்.

வலி முழுதாகப் போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பத்துக்கு ஒன்பது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மாதக் கடைசியில் நான்கு என்றார், சில நாள் மூன்று. கட்டைவிரலோடு சேர்த்து நான்கு விரல்கள் விரிந்தன. சுண்டுவிரல் மட்டும் அவ்வப்போது மடங்கிக்கொள்ளும் என்பார். பலன் நாளடைவில் குறையும் என்பதால் மாதம் ஒருமுறை வந்து போகச் சொன்னோம். பழைய தொழிற்சாலையிலேயே, தோலைப் பார்த்துத் தரம் பிரிக்கும் பகுதியில் வேலை கொடுத்தார்கள். இருபது வருடம் தோலைத் தொட்டவர். இடது கை விரலால் ஒரு தடவு தடவினால் தெரிந்துவிடும். அண்ணனையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் அவருக்கும் முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினார். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, போகும்போது தம்பியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, அப்படி ஒரு மாதாந்திர நாளில் சம்பத்தும் கலாவும் வந்தார்கள். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். தூங்கினேன் என்றார். மாத்திரை இல்லை என்றார். முகத்தையும் பார்த்துக்கொண்டேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"ஒன்னு இருக்குதுக்கா. வர்ற வழில பஸ்ஸுல நின்னுட்டு இருந்தேன். டிரைவர் திடீர்னு பிரேக் போட்டான். நான் யோசிக்கவே இல்ல. வலது கை போயி மேல கம்பியப் புடிச்சுது."

"புடிச்சுதா?"

"அஞ்சு வெரலும் விரிஞ்சு போயி புடிச்சுது. கம்பி சில்லுனு இருந்தது வரைக்கும் தெரிஞ்சுது. ஆனா கைதான் இல்லியே. அப்டியே முன்னாடி சாஞ்சுட்டேன்."

"நான் சட்டையப் புடிச்சு இழுக்கலேன்னா விழுந்திருப்பாருக்கா" என்றார் கலா. "பஸ்ஸே பயந்துட்டுது. இவரு நின்னு சிரிக்கிறாரு. இன்னான்னு கேட்டா, என் கை கம்பியப் புடிச்சுதுன்னு கண்டக்டர் கிட்ட போய் சொல்றாரு."

"கண்டக்டர் இன்னா சொன்னாரு?"

"உக்காருங்க சார்னு எடம் குடுத்தாரு" என்றார் சம்பத்.

படிவத்தில் இதை எழுத இடமில்லை. இரண்டு கட்டத்துக்கும் கீழே ஓரத்தில், அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சிறிய எழுத்தில் எழுதினேன். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். சில்லென்று இருந்தது என்பதை விட்டுவிட்டீர்கள் என்றார். சேர்த்தேன்.